முதல் மேக்ரோ லென்ஸ்: கடன் வாங்கும் முன் கொஞ்சம் யோசிப்போம்!



ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் அடித்த இரும்பை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வழவழப்பாகத் தெரிகிற இடத்திலும் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். அதை எல்லோருக்கும் பெரிதாகக் காட்டுவதுதான் மேக்ரோ புகைப்படம். மழைக்காலத்தில் எங்க வண்ணாரப்பேட்டை ரயில்வே லைன் ஓரம் பறக்கிற தட்டானின் கண்ணையும் அப்படித்தான் காட்ட முடியும்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் மாமா, தன் பழைய டிஜிட்டல் கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் கொடுத்துவிட்டார். மேக்ரோ லென்ஸ் விலையை விசாரித்து வீட்டில் சொன்னேன். குடோனில் மூட்டை தூக்கும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படிப்புக்கு வேணும்னா சொல்லுப்பா, வட்டிக்கு வாங்கித் தரேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் எது கேட்டாலும் அது படிப்புக்குத்தான் என்று அவர் நம்புகிறார். அதுதான் என்னை உறுத்தியது. கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் விசாரித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. உண்மையான மேக்ரோ என்றால் ஒன்றுக்கு ஒன்று. அதாவது, ஒரு சென்டிமீட்டர் பூச்சி கேமராவுக்குள் இருக்கும் சென்சார் மீதும் ஒரு சென்டிமீட்டராகவே விழ வேண்டும். சில ஜூம் லென்ஸ்களின் மேலும் 'மேக்ரோ' என்று எழுதியிருக்கும். ஆனால் அதில் பாதியோ கால்பங்கோதான் கிடைக்கும்.

இரண்டாவது, தூரம். 40 மி.மீ. மேக்ரோ லென்ஸில் முழு அளவு எடுக்க, பூச்சிக்கு 3, 4 சென்டிமீட்டர் பக்கத்தில் போகணும். பூச்சி பறந்துடும், லென்ஸின் நிழலும் விழும். 90, 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். விரிசல், பல்சக்கரம் மாதிரி அசையாத பொருளுக்குச் சின்ன லென்ஸே போதும்.

மூன்றாவது, வெளிச்சம். முழு அளவில் எடுக்கும்போது, எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. துவாரத்தை இன்னும் சுருக்கினால் ஃபிளாஷ் வேண்டும். எல்லாக் காசையும் லென்ஸில் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு என்ன செய்வது?

அதனால் என் கருத்து இதுதான்: முதலில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். அதனால் விலை குறைவு. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் மாட்டினால் பாதி அளவு, 50 மி.மீ. மாட்டினால் முழு அளவு. மின்தொடர்பு உள்ளதாகப் பார்க்கணும். இல்லாவிட்டால் பல கேமராக்களில் துவாரத்தை மாற்ற முடியாது. சில மாதம் எடுத்துப் பார்த்தால், நமக்குப் பூச்சி வேண்டுமா, பல்சக்கரம் வேண்டுமா என்று நமக்கே தெரிந்துவிடும். பிறகு லென்ஸ் வாங்கலாம்.

மட்டமான வழி என்று சிலர் சிரிக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கேமராவில் காட்டு யானைகளைப் படம் எடுத்தவர். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது!

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பழைய கேமராவையும், அதற்குப் பொருந்தும் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும் சங்கம் வாங்கி, நூலகப் புத்தகம் போல இரவல் தரக் கூடாதா? மெக்கானிக்கலுக்கு வெல்டிங் விரிசல், சிவிலுக்கு கான்கிரீட் வெடிப்பு, எலெக்ட்ரானிக்ஸுக்கு சால்டரிங் என்று எல்லாப் பிரிவுக்கும் அது உதவும். தொட்டுப் பார்க்காமலே வட்டிக்கு வாங்கும் நிலை நம் வீடுகளுக்கு வராது.

பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கிய ட்யூபில் நான் எடுத்த ஒரு படத்தை அப்பாவிடம் காட்டினேன். "இன்னாடா இது, கப்பல் கயிறா?" என்றார். "நீ தூக்குற கோணியோட ஒரு இழைப்பா" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, ஆசைப்படுவோம், தப்பில்லை. அறிந்து ஆசைப்படுவோம்!

- இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், வண்ணாரப்பேட்டை