சிக்னல் எரியலைன்னா யார் வந்து சரிசெய்வாங்க? டெண்டர் பேப்பருக்குள் ஒளிந்திருக்கும் உங்கள் பாதுகாப்பு!

நாற்சந்தியில் சிக்னல் அணைந்துகிடக்கிறது. நான்கு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு போக்குவரத்துக் காவலர் வியர்வை வழிய கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். 'கவர்ன்மென்ட்டு எப்போ சரி பண்ணப்போகுதோ' என்று முணுமுணுத்தபடி எல்லோரும் கடந்துபோகிறார்கள்.

ஆனால், பெரும்பாலான நகரங்களில் ஏணியும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வர வேண்டியவர் அரசு ஊழியர் அல்ல. ஒரு தனியார் ஒப்பந்ததாரரின் ஆள். ஊருக்கு ஊர் மாநகராட்சியோ, போக்குவரத்துக் காவல்துறையோ, நெடுஞ்சாலைத் துறையோ டெண்டர் விட்டு அந்த வேலையைக் கொடுத்திருக்கும். அவர் இன்று வருவாரா, அடுத்த வாரம் வருவாரா என்பது அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

வீட்டு வாட்டர் பியூரிஃபையர் மாதிரிதான்!

வீட்டில் வாட்டர் பியூரிஃபையருக்கு ஏ.எம்.சி போடுவீர்கள் இல்லையா? அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஃபில்டர், மோட்டார் எல்லாம் அடக்கம். இன்னொன்றில் ஆள் வந்து பார்ப்பது மட்டும்தான். பார்ட்ஸுக்குத் தனிக் காசு. இரண்டாவது விலை குறைவு என்று எடுத்துவிட்டு, மோட்டார் போனதும் தலையில் கைவைப்பவர்கள் நிறைய பேர்.

சிக்னல் பராமரிப்பிலும் இதே கதைதான். உதிரிப் பாகம் ஒப்பந்தத்தில் அடக்கம் இல்லையென்றால், ஒரு விளக்கை மாற்றக்கூட மதிப்பீடு, ஒப்புதல், பில் என்று ஃபைல் ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். அதுவரை சந்திப்பு இருட்டில்தான்.

சிக்னலில் எது கெட்டுப்போகிறது?

'பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய குண்டு பல்புகள் போய் எல்.இ.டி வந்த பிறகு அந்தப் பிரச்னை குறைந்துவிட்டது. இப்போது தலைவலி வேறு இடங்களில் இருக்கிறது.

* கேபிள்: மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இணையக் கேபிளுக்கும் சாலையைத் தோண்டும்போது, மண்ணுக்கடியில் போகும் சிக்னல் கேபிள் அறுந்துபோகும்.

* மின்சாரம்: பேட்டரி பேக்கப் இல்லாத சிக்னல், கரன்ட் போனால் அணைந்துவிடும். பேக்கப் இருந்தும் பேட்டரியைக் கவனிக்காவிட்டால் அதே நிலைதான்.

* கன்ட்ரோலர்: சாலையோரம் நிற்கும் இரும்புப் பெட்டிதான் சிக்னலின் மூளை. ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இரண்டு சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. அப்படி ஏதாவது கோளாறு வந்தால், சிக்னல் தானாகவே மினுக்கும் நிலைக்குப் போகும்படி வடிவமைப்பார்கள். பகலில், பரபரப்பான சந்திப்பில் மஞ்சள் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டியையும் சந்தேகப்படலாம்.

குறைந்த விலைக்காரருக்கே வேலை!

தமிழ்நாட்டில் அரசு டெண்டர்கள் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. தகுதியும் நிபந்தனையும் சரியாக இருப்பவர்களில், மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பதுதான் அடிப்படை. அதிகாரிகளின் பேச்சில் அவர் பெயர் 'எல்-1'.

வேண்டியவருக்குத் தூக்கிக்கொடுப்பதைத் தடுக்க இது தேவையான விதி. ஆனால், இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விலைக் கவரைப் பிரித்த பிறகு 'இவர் நன்றாக வேலை செய்வார்' என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. தரம் வேண்டுமென்றால் அதை டெண்டர் விடும்போதே நிபந்தனையாக எழுதியிருக்க வேண்டும். எழுதாததை ஒப்பந்ததாரரிடம் கேட்கவும் முடியாது.

அப்படி எழுதியிருக்க வேண்டிய முக்கியமான ஐந்து விஷயங்கள்:

1. எத்தனை மணி நேரம்? புகார் வந்த எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். 'உடனடியாக' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கடிகாரம் கிடையாது.

2. தாமதித்தால் எவ்வளவு பிடித்தம்? ஆளும் உதிரிப் பாகமும் அனுப்பும் செலவைவிட அபராதம் குறைவாக இருந்தால், அபராதம் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதே லாபம்.

3. உதிரிப் பாகங்கள் யார் கணக்கு? கையிருப்பில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

4. தோண்டி அறுத்தால் யார் பொறுப்பு? இது எழுதப்படாவிட்டால் தோண்டியவரும் சிக்னல்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

5. ஒப்பந்தம் முடிந்தால்? பழையவர் போய், புதியவர் வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டால் சிக்னல் அநாதைதான். கன்ட்ரோலரின் பாஸ்வேர்டும் வயரிங் வரைபடமும் நகரத்திடம் இல்லையென்றால், புதிதாக வருபவர் பெட்டியைத் திறந்து வேடிக்கை மட்டுமே பார்க்க முடியும்.

முதல் சிக்னலுக்கே இந்தக் கதி!

உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே வைக்கப்பட்டது. கேஸில் எரிந்த விளக்கு அது. ஒரு காவலர் கையால் இயக்குவார். அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்ததில் அந்தக் காவலர் படுகாயமடைந்தார். அந்த முயற்சியும் கைவிடப்பட்டது. இன்று அதே லண்டனில் 6,000-க்கும் மேற்பட்ட சிக்னல்கள் இருக்கின்றன. அங்கும் பராமரிப்பு தனியார் ஒப்பந்ததாரர்கள் கையில்தான். வேலையைத் தனியாரிடம் கொடுப்பது தவறல்ல. கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருப்பதுதான் தவறு.

சட்டம் இரு பக்கமும் பேசுகிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, சிவப்பு விளக்கைத் தாண்டி ஆபத்தாக ஓட்டினால் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இது பலருக்குத் தெரியும்.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரியோ ஒப்பந்ததாரரோ, வகுக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால், 'தவறு ஓட்டுநருடையது மட்டுமல்ல' என்று சட்டமே ஒப்புக்கொள்வது பெரிய விஷயம்.

சிக்னல் இல்லாத சந்திப்பில் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தாவது வழி வாங்கிக்கொள்வார்கள். கைத்தடி ஊன்றி வரும் தாத்தாவிடமும், ஸ்கூல் பேக் சுமந்த பிள்ளையிடமும் ஹாரன் இல்லை. அவர்களுக்காக வண்டிகளை நிறுத்தி வைத்தது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சந்திப்பின் பெயர், எந்தப் பக்க விளக்கு, எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து, போட்டோவுடன் போக்குவரத்துக் காவல்துறைக்கோ மாநகராட்சிக்கோ புகார் அனுப்புங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்ததாரரின் கடிகாரம் ஓடத் தொடங்குவதே புகார் பதிவான நேரத்திலிருந்துதான்.

அடிக்கடி இதே கதை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், கடந்த ஓராண்டில் அந்தச் சந்திப்பில் பதிவான பழுதுகள், ஒவ்வொன்றும் சரியாக எடுத்துக்கொண்ட நேரம், ஒப்பந்ததாரரிடம் பிடித்த அபராதம் ஆகிய நான்கையும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

பழுதுப் பட்டியல் நீளமாகவும் அபராதம் பூஜ்யமாகவும் இருந்தால், பழுதானது சிக்னல் மட்டுமல்ல என்று புரிந்துகொள்ளலாம்.