பொய்த்தகவலை முறியடிக்கும் பணி: தேவை பெருகுகிறது, ஊதியம் தருவது யார்?

புது தில்லி: கடந்த 2025-ஆம் ஆண்டு மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கை நடைபெற்ற நாள்களில், குஜராத் மாநிலம் ஹசீரா துறைமுகம் பற்றி எரிவதாக ஒரு காணொலி சமூக வலைதளங்களில் வேகமாகப் பரவியது. அது 2021-இல் நிகழ்ந்த எண்ணெய் டேங்கர் வெடிவிபத்தின் பழைய காட்சி என்று பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மை சரிபார்ப்புப் பிரிவு விளக்கம் அளித்தது. பாகிஸ்தானின் ஏவுகணைத் தாக்குதல் என்று பகிரப்பட்ட மற்றொரு காணொலி, 2020-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் நிகழ்ந்த வெடிவிபத்தின் காட்சியாக இருந்தது. வெளியுறவு அமைச்சர் எஸ்.ஜெய்சங்கர் மன்னிப்புக் கோருவதாக வெளியான காணொலி செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. எல்லையின் இருபுறமும் கணினி விளையாட்டுக் காட்சிகள் வான்வழிப் போராக வலம் வந்தன.

இவற்றைப் பொய் என்று நிறுவியவர்களில் பிஐபி அதிகாரிகளைக் காட்டிலும், சிறிய அலுவலகங்களில் பணியாற்றும் இளைஞர்களே அதிகம். பெரும்பாலோர் இதழியல் அல்லது மொழிப் பட்டம் பெற்றவர்கள். சிலர் பொறியியல் படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவர்கள். இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு முன்பு இத்தகைய பணி ஒன்று இருப்பதாகவே யாரும் கருதியதில்லை. இன்று அது ஒரு தொழில். ஆனால், இந்தத் தொழிலுக்கான தேவை எந்த வேகத்தில் வளர்கிறதோ, அதே வேகத்தில் அதன் வருமான அடித்தளம் ஆட்டம் காண்கிறது. இத்துறையைத் தேர்வு செய்ய எண்ணும் மாணவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சி நிறுவனங்கள் முதல் பாதியை மட்டுமே சொல்கின்றன.

உலகப் பொருளாதார மன்றம் 2024-இல் வெளியிட்ட உலகளாவிய அபாயங்கள் குறித்த அறிக்கை, அடுத்த இரு ஆண்டுகளுக்கான மிகப்பெரிய அபாயமாகத் தவறான தகவலையும் பொய்த்தகவலையும் குறிப்பிட்டது. இந்த அபாயம் முதலிடம் பெற்ற நாடாக அதில் இடம்பெற்றது இந்தியா.

உயிரிழப்பிலிருந்து பிறந்த துறை

இந்தியாவில் இப்பணி தீவிரம் பெற்றதற்கு 2018-ஆம் ஆண்டு நிகழ்வுகள் முக்கியக் காரணம். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்திகளால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர்.

அந்த மாதங்களில் பரவிய காணொலிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு குறித்த விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் குழந்தையைத் தூக்கிச் சென்று, பின்னர் திருப்பி ஒப்படைத்து விழிப்புணர்வு வாசகத்தைக் காட்டுவதுடன் அது முடியும். இறுதிப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டுத்தான் அது இந்தியாவில் பகிரப்பட்டது. அதன் முழு வடிவத்தைத் தேடிக் கண்டெடுத்ததே உண்மை சரிபார்ப்பாளர்களின் பணியாக இருந்தது. இதைத் தொடர்ந்து, ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் அது உலகம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பூம், ஃபேக்ட்லி, 2017-இல் அகமதாபாதில் தொடங்கப்பட்ட ஆல்ட் நியூஸ், அதே காலகட்டத்தில் தமிழில் உருவான யூடர்ன் ஆகியவை இத்துறையில் முன்னோடிகளாக அறியப்படுகின்றன. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் செய்தி முகமைகளும் தனிப் பிரிவுகளைத் தொடங்கியது இதற்குப் பின்னரே.

அன்றாடப் பணி என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவதுபோல இது மென்பொருள் ஒன்றில் படத்தைப் பதிவேற்றி விடை பெறும் வேலை அல்ல. முதல் முடிவு, எதைச் சரிபார்ப்பது என்பதே. கருத்தையும் நையாண்டியையும் சரிபார்க்க இயலாது. உண்மையா, இல்லையா என்று சான்றுடன் நிறுவக்கூடிய கூற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும், ஐம்பது பேர் மட்டுமே பார்த்த ஒரு பொய்யை மறுத்து எழுதினால், அந்த மறுப்பே அதை ஐம்பதாயிரம் பேரிடம் கொண்டு சேர்த்துவிடும். எழுதாமல் விடுவதும் இப்பணியில் ஒரு முடிவுதான்.

பின்னர் காணொலியைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்து, அந்தப் படங்கள் இணையத்தில் முதன்முதலில் எப்போது தோன்றின என்று தேடுவர். கடைகளின் பெயர்ப்பலகை, வாகனப் பதிவெண், மின்கம்பத்தின் வடிவம், மலையின் விளிம்பு, நிழல் விழும் திசை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வரைபடத்துடன் ஒப்பிட்டு இடத்தை உறுதி செய்வர். சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தையோ மாவட்ட நிர்வாகத்தையோ தொலைபேசியில் தொடர்புகொள்வது பெரும்பாலும் கடைசிக் கட்டம். பதிவு நீக்கப்படுவதற்கு முன்பு அதன் நகலை ஆவணப்படுத்துவது கட்டாயம். சர்வதேச உண்மை சரிபார்ப்பு வலையமைப்பின் நெறிமுறைகளை ஏற்றுள்ள நிறுவனங்கள், தங்கள் நிதி ஆதாரத்தையும் ஆய்வு முறையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தத்தையும் வெளியிட வேண்டும்.

இதற்கு அடுத்த நிலையில் இருப்பது பகுப்பாய்வாளரின் பணி. தனித்தனிப் பதிவை விடுத்து, அதைப் பரப்பும் கணக்குகளின் வலையை அவர் ஆராய்கிறார். ஒரே வாசகத்தை ஒரே நிமிடத்தில் வெளியிட்ட நூறு கணக்குகள், அவை தொடங்கப்பட்ட தேதிகள், அவற்றுக்கிடையேயான தொடர்புகள் ஆகியவற்றிலிருந்து ஒருங்கிணைப்பு இருக்கிறதா என்று கண்டறிகிறார். யார் பின்னணியில் இருக்கிறார் என்பதைச் சொல்வது இதைவிடப் பன்மடங்கு கடினம். அனுமானத்தையும் சான்றையும் கலந்து எழுதும் அறிக்கை, தான் எதிர்க்கும் பொய்த்தகவலுக்கே துணைபோகிறது. இத்தகைய ஆய்வுக்குப் பயன்பட்ட 'க்ரவுட்டேங்கிள்' கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது, ஆய்வாளர்களுக்குப் பெரும் பின்னடைவானது.

மொழியே முதலீடு

தமிழில் வதந்தி, புரளி, கட்டுக்கதை எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அறியாமல் பகிரப்படும் தவறான தகவலையும், ஏமாற்றும் நோக்குடன் உருவாக்கப்படும் பொய்த்தகவலையும் பிரித்துக் காட்டும் நிலையான சொல்லாட்சி இன்னும் அமையவில்லை. அனைத்தையும் 'போலிச் செய்தி' என்றே எழுதிவிடுகிறோம். நோக்கத்தைக் கண்டறிவதுதான் பகுப்பாய்வின் மையம் என்பதால், இது வெறும் சொல் சார்ந்த சிக்கல் அல்ல.

மொழியின் முக்கியத்துவத்துக்கு 2023 மார்ச் மாத நிகழ்வு தெளிவான சான்று. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. அவற்றில் ஒன்று புலம்பெயர் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையேயும், மற்றொன்று உள்ளூர்வாசிகளுக்கு இடையேயும் நடந்த மோதல் என்று தமிழக காவல் துறை விளக்கியது. பிகார் அரசின் குழு நேரில் வந்து நிலைமையை ஆய்வு செய்தது. இடைப்பட்ட நாள்களில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஏற்பட்ட அச்சம் தொழில்துறையையும் கவலையில் ஆழ்த்தியது. தமிழில் நடந்ததைப் புரிந்துகொண்டு ஹிந்தியில் உடனடியாக எழுதத் தெரிந்தவர்களே அந்த நேரத்தில் தேவைப்பட்டனர். அத்தகையோர் எண்ணிக்கையோ மிகக் குறைவு.

டீப்ஃபேக் காணொலிகளை ஆராய்வதற்காக, தவறான தகவல்களுக்கு எதிரான கூட்டமைப்பு 2024 மார்ச்சில் தொடங்கிய வாட்ஸ்ஆப் எண் ஆங்கிலம், ஹிந்தியுடன் தமிழிலும் தெலுங்கிலும் செயல்படத் தொடங்கியது. வாட்ஸ்ஆப் உரையாடல்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை. அங்கு என்ன பரவுகிறது என்பதை, யாரேனும் ஒருவர் அனுப்பினால் மட்டுமே வெளியாள் அறிய முடியும். எனவே, வட்டார வழக்கையும் உள்ளூர் அரசியலையும் அறிந்தவரின் இடத்தை எந்தத் தானியங்கிக் கருவியும் எளிதில் நிரப்பிவிட முடியாது.

வருமானத்தின் கதை

மெட்டா நிறுவனம் 2016 டிசம்பரில் தொடங்கிய வெளி நிறுவனங்கள் மூலமான உண்மை சரிபார்ப்புத் திட்டம், 2018-இல் கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலையொட்டி இந்தியாவுக்கு வந்தது. ஆய்வு செய்து மதிப்பிடும் பணிக்கு மெட்டா கட்டணம் வழங்குகிறது. உலக அளவில் இத்துறையின் மிகப்பெரிய ஒற்றை வருமானம் இதுவே. இந்தியாவில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இத்திட்டத்தில் சேர்ந்தன.

இந்நிலையில், அமெரிக்காவில் இத்திட்டத்தைக் கைவிட்டு, பயனர்களே குறிப்பு எழுதும் 'சமூகக் குறிப்புகள்' முறைக்கு மாறுவதாக 2025 ஜனவரி 7-ஆம் தேதி மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். பிற நாடுகளுக்கான தேதி எதுவும் அப்போது அறிவிக்கப்படவில்லை. எனினும், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் தொழில் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த அறிவிப்பு உணர்த்தியது. எக்ஸ் தளத்தின் சமூகக் குறிப்புகள் 2024 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் செயல்படுகின்றன. அதில் எழுதுவோர் ஊதியமற்ற தன்னார்வலர்கள். முறை பயனுள்ளதாகவே இருக்கலாம், ஆனால் அதை ஒரு வேலைவாய்ப்பு என்று கூற இயலாது.

வெளிநாட்டு வாய்ப்புகளும் சுருங்குகின்றன. தேர்தல் பொய்த்தகவல்களை ஆராய்ந்துவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வகம் 2024-இல் பெருமளவு முடக்கப்பட்டது. உண்மை சரிபார்ப்பு, உள்ளடக்கக் கண்காணிப்பு, இணையப் பாதுகாப்பு போன்ற பணிகளில் ஈடுபட்ட எச்-1பி விசா விண்ணப்பதாரர்களின் பின்னணியைத் தீவிரமாக ஆராய்ந்து, அவர்கள் 'தணிக்கையில்' ஈடுபட்டதாகத் தெரிந்தால் விசா மறுக்கலாம் என்று 2025 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தூதரகங்களுக்கு அறிவுறுத்தியதாகச் செய்திகள் வெளியாகின. எச்-1பி ஒப்புதல் பெறுவோரில் பத்தில் சுமார் ஏழு பேர் இந்தியர்கள் என்பதால், இந்த அறிவுறுத்தலின் சுமை யார் மீது விழும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தன் அனுபவச் சான்றில் எதை எழுதுவது என்று ஹைதராபாதிலோ பெங்களூரிலோ பணியாற்றும் ஓர் இளைஞர் தயங்கும் நிலை உருவாகியுள்ளது.

அரசு தீர்வாகுமா?

அரசு நிதியே நிலையானது என்ற வாதம் இயல்பாக எழுகிறது. 2019-இல் தொடங்கப்பட்ட பிஐபி பிரிவு மத்திய அரசு தொடர்பான கூற்றுகளை மட்டுமே ஆராய்கிறது. தமிழக அரசும் 2023-இல் தனிப் பிரிவை அமைத்தது. ஆனால், மத்திய அரசு தொடர்பான தகவல்களில் எது பொய் என்று அரசின் பிரிவே தீர்மானிக்கவும், அதன்படி செயல்படாத தளங்கள் சட்டப் பாதுகாப்பை இழக்கவும் வழிவகுத்த 2023 ஏப்ரல் மாத விதித் திருத்தம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, எடிட்டர்ஸ் கில்டு உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜனவரியில் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மூன்றாவது நீதிபதியாக விசாரித்த ஏ.எஸ்.சந்துர்கர், அத்திருத்தம் சமத்துவத்துக்கும் பேச்சுரிமைக்கும் எதிரானது என்று செப்டம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பளித்தார்.

அரசுப் பிரிவில் பணியாற்றுபவர் அரசை நோக்கிய பொய்யை மறுக்கலாம். அரசோ ஆளும் கட்சியோ சொல்லும் பொய்யை அவரால் மறுக்க முடியுமா என்ற கேள்விக்கு எந்த மாநிலத்திடமும் இதுவரை உறுதியான விடை இல்லை. சுதந்திரமாக இயங்குவோருக்கு வேறு வகை அபாயம். ஆல்ட் நியூஸ் இணை நிறுவனர் முகமது ஸுபைர் 2022 ஜூனில் பழைய ட்விட்டர் பதிவு ஒன்றுக்காகக் கைது செய்யப்பட்டு, மூன்று வாரங்களுக்கும் மேலாகக் காவலில் இருந்த பின்னர் உச்ச நீதிமன்றத்தால் ஜாமீனில் விடுவிக்கப்பட்டார்.

புதிதாகத் திறக்கும் கதவுகள்

நிதித் துறையில் தேவை சத்தமின்றி உயர்ந்துவருகிறது. தேசியப் பங்குச் சந்தையின் (என்எஸ்இ) நிர்வாக இயக்குநர் ஆஷிஷ்குமார் சௌஹான் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோன்ற டீப்ஃபேக் காணொலிகள் குறித்து அந்நிறுவனம் 2024 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதலீட்டுத் திட்டங்களை விளம்பரப்படுத்துவதாக வெளியான காணொலிகளையும் பிஐபி தொடர்ந்து மறுத்து வருகிறது. வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது நேரடிப் பண இழப்பு என்பதால், கண்காணிப்புக்குச் செலவிட அவை தயங்குவதில்லை. ஆனால், அங்கு கண்டறியப்படுவது நிறுவனத்துக்கு மட்டுமே உரிய தகவல். பொதுமக்களுக்காக அது வெளியிடப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

கல்வித் துறை மற்றொரு பாதை. கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-இல் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொய்த்தகவலை அடையாளம் காணும் வகுப்புகளைத் தொடங்கியது. பின்னர் அம்மாநிலப் பாடநூலிலும் இது இடம்பெற்றது. பயிற்றுநர்களுக்கு ஊதியம் தரும் திட்டமாகப் பிற மாநிலங்கள் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதைக்கு, இத்துறையில் நுழைபவர் நேர்காணலில் தன் திறன் பற்றிய கேள்விகளுக்கு விடையளிப்பதுடன், நிறுவனத்தின் வருமானத்தில் ஒரே தளத்தின் பங்கு எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு, வழக்கு வந்தால் சட்டச் செலவை ஏற்பது யார், வன்முறைக் காட்சிகளை நாள்முழுவதும் பார்ப்போருக்கு மனநல ஆலோசனை உண்டா என்ற கேள்விகளைத் தானும் கேட்டுவிடுவது நல்லது. நிதி ஆதாரத்தை வெளியிடுவது சர்வதேச நெறிமுறையின்படி கட்டாயம் என்பதால், முதல் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அந்நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும்.