பழைய கேமரா வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கேமரா ஆசை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

"ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் கேமராவா? அந்தப் பக்கமே போகாதே" என்றுதான் பெரியவர்கள் பலரும் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்யாண வீடுகளில் லைட் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்குச் சொந்தக் கேமராதான் அடுத்த படி. புதிதாக வாங்க வேண்டுமென்றால் அவன் கடன் வாங்க வேண்டும். பழையது வாங்குவதுதான் அவனுக்குக் கட்டுப்படியாகும். வேண்டாம் என்று தடுப்பதை விட, பார்த்து வாங்கக் கற்றுக்கொடுப்பது நல்லது.

விலை குறைவாக ஒன்றைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் குறைவு? அதற்கான காரணம் கேமராவில் இருந்தால் அது நல்ல பேரமாக இருக்கலாம். விற்பவர் சொல்லும் கதையில் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள்.

முதலில் கதைகளைப் பார்ப்போம். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் டிரான்ஸ்ஃபர், அதனால்தான் பாதி விலை" என்பது நாடு முழுக்கச் சுற்றிவந்த கதை. சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸப்பில் வரும். கேமராவை மட்டும் நேரில் காட்ட மாட்டார்கள். முதலில் கூரியருக்குச் சின்னத் தொகை கேட்பார்கள். பிறகு ஜிஎஸ்டி, பிறகு இன்சூரன்ஸ், "எல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்பார்கள். கட்டின பணத்தை விட மனசில்லாமல் மேலும் மேலும் கட்டுவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. கஸ்டம்ஸில் பிடித்த சரக்கு, வெளிநாடு போகிறேன், வீட்டில் ஆபரேஷன் என்று வேறு வேறு வேஷத்திலும் இதே கதை வரும். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இப்பவே அட்வான்ஸ் போடுங்கள்" என்று அவசரப்படுத்துவதும் இதில் சேர்த்திதான்.

நீங்கள் விற்பவராக இருந்தாலும் கவனம் வேண்டும். "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். இதை வீட்டில் உள்ள தாத்தா பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

இனி கேமராவில் இருக்கும் காரணங்கள். நிக்கான் இசட் வரிசையும் கேனான் இஓஎஸ் ஆர் வரிசையும் வந்தது 2018இல். அதிலிருந்து பலர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறி, கையில் இருந்த டிஎஸ்எல்ஆரை விற்கிறார்கள். விலை இறங்கியது, ஆனால் அந்தக் கேமரா எடுக்கும் படத்தின் தரம் இறங்கவில்லை. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இது பொன்னான வாய்ப்பு. ரப்பர் கிரிப் தளர்ந்தது, வெளியே கீறல், பெட்டி இல்லை என்பனவும் விலையைக் குறைக்கும். இவற்றால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

சில காரணங்களைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நிக்கானின் டி வகை 50 எம்எம் 1.8 லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், நல்ல லென்ஸ்தான். ஆனால் டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். டி7200இல் மாட்டினால் பிரச்சினை இல்லை. விற்பவர் பொய் சொல்லாமலேயே நாம் ஏமாறக்கூடிய இடம் இது. அதனால் வாங்கும் முன் எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசத் தொடங்கியதும் செய்ய வேண்டியது: ஒரு தாளில் உங்கள் பெயரும் தேதியும் எழுதி, கேமரா பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கேமராவில் இன்று எடுத்த ஒரு படத்தின் அசல் ஃபைலை மெயிலில் கேளுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் விவரங்கள் அழிந்துவிடும். நிக்கானின் அசல் ஃபைலில் இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்ற எண்ணிக்கை இருக்கும். கேனானில் பெரும்பாலும் அது ஃபைலில் இருக்காது. டி7200இன் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 50 கல்யாணத்தில் 1 லட்சம் வந்துவிடும். "வீட்டு உபயோகம் மட்டும்" என்று சொல்லும் கேமராவில் எண்ணிக்கை 90,000 என்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

நேரில் பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பாருங்கள். லென்ஸின் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வெண்மையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் தோல் உறையோடு வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள். அடுத்து, எஃப்16இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் தூசி, சுத்தம் செய்தால் போகும். கோடு தெரிந்தால் சென்சாரில் கீறலாக இருக்கலாம், வேண்டாம். ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். கேமராவின் சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் சீரியல் நம்பரோடு விற்ற விவரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் கேமராவும் போகும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்த பிறகே பணம்.

இவ்வளவு கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேமராவைப் பாதுகாத்து வைத்தவர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எந்த லென்ஸில் எந்தப் படம் எடுத்தேன் என்று கூடவே கதையும் சொல்வார். கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் வாங்காமல் இருப்பதே லாபம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என்னிடம் படித்த ஒருவர், பணம் போய் மூன்று நாள் கழித்துத்தான் வீட்டில் சொன்னார். "படிச்சவன் இப்படியா ஏமாறுவே" என்று கேட்பார்களே என்ற பயம். அந்த மூன்று நாள்தான் திருடனுக்கு வசதி. 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கை மாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். அதனால் பிள்ளை வந்து சொன்னால் முதலில் 1930க்குப் போன் போடுங்கள், அப்புறம் திட்டிக்கொள்ளலாம். திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வீட்டில் இருந்தால்தான் பிள்ளை அன்றைக்கே வாயைத் திறக்கும்.

வாங்கப் போகும் விளம்பரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கமென்டில் கேளுங்கள். நம் பழைய மாணவர்களில் போட்டோகிராபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் பதில் சொல்லட்டும். நல்ல கேமரா வாங்கி, எடுத்த முதல் படத்தை இங்கே போடுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்