கம்பி விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி

மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணம் முடித்து வைப்பது நம் கரையோர ஊர்களின் வழக்கம். நற்பிட்டிமுனையில் ஒரு வாப்பாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று அத்திவாரம் என்று அர்த்தம். அவ்வழக்கம் சரியா பிழையா என்பதை இன்னொரு மாதம் பேசுவோம். கம்பிக்கு நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதே இம்மாதப் பேச்சு.

வெளிநாட்டுக் கம்பி துறைமுகத்தில் இறங்கியதும், அதன் வகையைப் பார்த்து, சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி என்று ஒவ்வொன்றாக ஏறும். செஸ் என்பது 1979ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அறவிடப்படுவது. ஏற்றுமதியை வளர்க்கப் பிறந்த வரி உங்கள் வீட்டு பீமுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது!

அத்தோடு முடியவில்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். கம்பியின் விலை, அதில் பத்து வீதம், முன்னைய வரிகள் எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கே இதைக் கணிக்கிறார்கள். உதாரணமாக, 100 ரூபாய்க் கம்பிக்கு முன்னைய வரிகள் 30 ரூபாய் என்று வையுங்கள். 140 ரூபாய்க்கு 18 வீதம் 25 ரூபாய் 20 சதம். லொறிக் கூலியும் கடைக்காரர் இலாபமும் சேரும் முன்னரே 155 ரூபாயைத் தாண்டிவிட்டது. வரிக்கும் வரி!

“உள்ளூர்க் கம்பியை வாங்கினால் என்ன?” என்பீர்கள். சோவியத் உதவியோடு 1960களில் ஒறுவெலயில் இரும்பாலை எழுந்தது. உள்ளூர் ஆலைகளைக் காத்தால் நம்மவருக்கு வேலை கிடைக்கும் என்பது நியாயம்தான். ஆனால் அவையும் பில்லட் என்னும் இரும்புக் கட்டியை வெளிநாட்டிலிருந்து எடுத்து உருட்டுகின்றன. வெளிநாட்டுக் கம்பி ஏறினால் உள்ளூர்க் கம்பியும் அதன் நிழலிலே ஏறும். இரண்டிலும் செலுத்துபவர் நீங்கள்தான். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, வீதக் கணக்கில் அறவிடும் வரியும் கூடவே வீங்கியது. பாதியில் நின்ற வீடுகளின் தூண்களில் துருப்பிடித்த கம்பிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்காக மேசனிடம் கம்பியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எஸ்.எல்.எஸ். 375 தரமுள்ள கம்பியாகக் கேளுங்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி மீற்றருக்கு ஏறக்குறைய 888 கிராம் நிற்க வேண்டும். ஆறு மீற்றர்க் கம்பி 5.3 கிலோ. கடையில் தராசு இருக்கும். லொறியில் ஏற்று முன் இரண்டு கம்பிகளை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.