நாலு சக்கரமும் இழுத்தால் ஆற்றைக் கடந்துவிடலாமா?

நேற்று சாயங்காலம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பொதட்டூர்பேட்டைக்கும் அவன் ஊருக்கும் இடையே நூலும் லுங்கிக் கட்டும் ஏற்றி ஆம்னி ஓட்டுகிறான். மெக்கானிக் வேலையும் தெரியும்.

"சார், ஆம்னியை ஃபோர் வீல் டிரைவா மாத்தப் போறேன். வீட்டுக் கொட்டகையிலேயே செஞ்சிடுவேன்" என்று நோட்டைப் பிரித்தான். பழைய ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் அச்சுக்கும் சென்னை புதுப்பேட்டையில் விலைகூடப் பேசிவிட்டான். என் இயற்பியல் வகுப்பில் தூங்கிய பையன் வரைந்த படம் அது. மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்றேன். இதே யோசனை நம் பக்கத்தில் வேறு சிலருக்கும் இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆம்னியில் பின் சக்கரம் இழுக்கும். முன் சக்கரம் திரும்ப மட்டும்தான். ஜிப்ஸியின் முன் அச்சு பட்டை ஸ்பிரிங்கின் மேல் குறுக்கே ஒரே துண்டாக நிற்பது. ஆம்னியிலோ இரண்டு முன் சக்கரமும் தனித்தனி. ஆகவே வண்டியின் அடிப்பாகத்தை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். ஸ்டியரிங், பிரேக் இணைப்பெல்லாம் மாறும். முன்னும் பின்னும் கிரவுன் பினியன் பல் விகிதம் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும். சுசுகி நிறுவனம் ஜப்பானில் இதே மாதிரி சின்ன வேனை நாலு சக்கர இழுவையோடு விற்கிறது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அப்படி வடிவமைத்துச் சோதித்த வண்டி.

"எதுக்குப்பா இவ்வளவு பாடு?" என்றேன்.

"மழைக்காலத்துல தரைப்பாலம் தாண்டணும் சார்."

இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நம் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்று உங்களுக்கே தெரியும். நாலு சக்கர இழுவை சேற்றிலும் மணலிலும் உதவும். ஓடும் தண்ணீரில் உதவாது. சக்கரத்துக்குப் பிடிப்பு வருவது வண்டியின் எடையால். ஆம்னியின் எடை சுமார் 800 கிலோ. அடிப்பாகத்தைத் தண்ணீர் தொட்ட பிறகு, ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கும் நானூறு கிலோவுக்கு மேல் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் புகுவதற்குள் வண்டி மிதக்கத் தொடங்கிவிடும். அப்புறம் இரண்டு சக்கரம் சுற்றினால் என்ன, நாலு சுற்றினால் என்ன? இழுவை கூடிய வண்டி தைரியத்தைத்தான் கூட்டும். அதுதான் ஆபத்து.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, நிறுவனம் தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் காரணம் கிடைத்துவிடும்.

சட்டத்தின் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. கேஸ் கிட் பொருத்தவும், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றவும் முறைப்படி வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய வண்டியைக்கூடத் தனியாகச் சோதித்து, தேறினால் சாலையில் விடுகிறார்கள். 2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக்காரர் ஒருவர் பழைய இரும்பில் செய்த சின்ன ஜீப்பைப் பார்த்து வியந்த ஆனந்த் மகிந்திரா, அதற்குப் பதிலாகப் புது பொலேரோ தந்தார். விதிக்கு உட்படாத அந்த வண்டியை அதிகாரிகள் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். எல்லாருக்கும் பொலேரோ வருமா? கைத்திறன் உள்ள பிள்ளைகளுக்குச் சோதனைக்கான ஒரு கதவை அரசு திறந்து வைக்கட்டும். அதுவரை, பரீட்சை எழுதாத வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது.

"அப்போ வெள்ளம் வந்தா நான் என்ன சார் பண்றது?"

"கரையிலேயே நில்லுடா. நூல் ரெண்டு நாள் காத்திருக்கும். வீட்ல உன் பொண்ணு காத்திருக்க முடியுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நோட்டை மூடினான். உங்கள் ஊருக்கு வேண்டியது நாலு சக்கர இழுவை இல்லை, உயர்மட்டப் பாலம் என்றேன். மனு நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து அவன் வாங்குகிறான். வருகிற திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். அக்கரை ஊர்க்காரர்கள் யாராவது கூட வருகிறீர்களா?