ஒட்டுப் போட்ட மிதவையும் அனாமத்துக் கணக்கும்

பி.காம் படிக்கிறவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாளாக அலாஸ்கா, கனடா பக்கத்து மிதவை விமானங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு அலுமினிய மிதவைகளோடு ஏரியில் வந்து இறங்குமே, அதுதான். ரோடு எட்டாத ஊர்களுக்கு அதுதான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம்.

இந்த மிதவைகள் ஒழுகும். அலையில் மோதி மோதி ரிவெட் தளரும், சரளைக் கரையில் ஏற்றினால் அடிப்பாகம் தேயும், உப்புத் தண்ணீர் அரிக்கும். அதனால்தான் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துளை வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் கைப்பம்பை வைத்து ஒவ்வொரு அறையாக இறைக்க வேண்டும்.

சரி, பட்டறையிலிருந்து வெகுதூரத்தில், ஏதோ ஒரு ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால்? கரையில் ஏற்றி, மிதவைக்குள் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! வெளியே எங்கே சொட்டுகிறதோ அங்கே மார்க் பண்ணிவிட்டு, தண்ணீரை எடுத்து, துடைத்து, காயவைத்து சீலண்ட் பூசுகிறார்கள். கிழிசல் என்றால் மேலே ஒரு அலுமினியத் துண்டை வைத்து ரிவெட் அடிக்கிறார்கள். சொல்லும்போது சுலபம். ஈரத்தில் ஒட்டாது, குளிரில் சீலண்ட் லேசில் இறுகாது. அங்கே இரண்டுக்கும் பஞ்சமில்லை.

(2009-ல் அலாஸ்காவில் கரடி கிழித்துப் போட்ட ஒரு பைபர் கப் விமானத்தை டக்ட் டேப் சுற்றியே பறக்கவைத்து வீடு கொண்டுபோன படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மிதவை விமானம் இல்லை, ஆனால் அந்த ஊர்க்காரர்களின் கைவேலைக்கு அதுவே சாட்சி.)

இப்படி ஒட்டுப் போட்டுப் பறப்பதே திமிர் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டால் ஏரி உறைந்து மிதவை நசுங்கும். என் வருத்தம் வேறு. ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டால் அடுத்த வாரமும் அதோடேயே ஓட்டத் தோன்றுமே, அதுதான் ஆபத்து. கோடை சீசன் குறுகியது. பட்டறைக்கு விட்டால் அத்தனை நாள் வருமானம் போச்சு.

கணக்குப் பாடத்தில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். தப்பே இல்லை. ஆனால் பிழையைக் கண்டுபிடித்து அதை மூடியாக வேண்டும். வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தால் கணக்குப்பிள்ளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏரிக்கரை ஒட்டும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

மிதவை மூழ்காதே, பிறகென்ன என்று கேட்கலாம். நியாயம்தான். அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்த அளவு என்னவென்றால், விமான எடையைத் தாங்கத் தேவையானதைவிட மிதவைக்கு 80 சதவீதம் கூடுதல் மிதப்பு வேண்டும். 1,000 கிலோ விமானத்துக்கு இரண்டும் சேர்த்து 1,800 கிலோ. எத்தனை தாராளமான கையிருப்பு! ஆனால் இறக்கைக்கு அந்தத் தாராளம் கிடையாது. 60 லிட்டர் தண்ணீர் உள்ளே புகுந்தால் 60 கிலோ. டிக்கெட் எடுக்காத ஒரு ஆள். அவர் பின் அறையில் உட்கார்ந்தால் வால் தாழும், ஒரு பக்கமாக உட்கார்ந்தால் விமானம் சாயும். ஏரி முடிவதற்குள் மேலே எழும்புமா என்பதுதான் அப்போது கேள்வி.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. மிதவையின் கீல், சைன் பாகங்களைச் சரிசெய்வது அமெரிக்காவில் பெரிய ரிப்பேர் கணக்கில் வரும். விமானி தானே செய்து முடித்துக்கொள்ள முடியாது. அடிபட்ட விமானத்தைப் பட்டறை வரை ஓட்டிப்போகத் தனியாக ஒரு அனுமதி உண்டு. பட்டறை வரைதான். விமானி தனியாக, சுமை இல்லாமல் போகட்டும். சுற்றுலாக்காரர் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவதற்கு இல்லை அது.

இன்னொன்று, பம்ப் எண்ணிக்கை. நேற்று ஒரு அறையில் பத்து தடவை இழுத்தால் வற்றியது, இன்று முப்பது தடவை என்றால் ஒட்டு விட்டுக்கொடுக்கிறது. வேறு எந்த மீட்டரும் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நான் அங்கே பயணியாகப் போய் நின்றால், விமானி எல்லா மூடியையும் திறந்து இறைக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன். ஒட்டு கண்ணில் பட்டால் எந்தத் தேதியில் போட்டது என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.