கபாடபுரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவையாவது அந்த மேப் வந்துவிடுகிறது. கன்னியாகுமரிக்குக் கீழே இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பச்சையடித்து, ஒரு கை ஆப்பிரிக்காவையும் இன்னொரு கை ஆஸ்திரேலியாவையும் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் பஃறுளி ஆறு, குமரி ஆறு, தென்மதுரை, கபாடபுரம். கீழே வழக்கமான வரி: "தமிழனாக இருந்தால் ஷேர் செய்யவும்." ஷேர் செய்யாதவன் என்னவாம் என்று யாரும் கேட்பதில்லை.

கபாடபுரம் நல்ல ஊர். முத்துப் பதித்த கோட்டைக் கதவுகள், இடைச்சங்கம், பாண்டியன் தலைநகரம். அதை வைத்து நா. பார்த்தசாரதி ஒரு நாவலே எழுதினார், 'கபாடபுரம்' என்ற பெயரிலேயே. அவர் அதை நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். அதில் யாருக்கும் வழக்கு இல்லை. அந்த ஊரை நாவலிலிருந்து கிளப்பி வரலாற்றுப் புத்தகத்தில் குடிவைக்கும்போதுதான் கோளாறு ஆரம்பம்.

இந்த ஊருக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் முதலில் நீட்டப்படுவது இறையனார் அகப்பொருள் உரை. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுத்து வடிவம் பெற்ற உரை. அது தருகிற கணக்கு இது: முதற்சங்கம் தென்மதுரையில் 4440 ஆண்டு, 89 அரசர்கள். இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டு, 59 அரசர்கள். கடைச்சங்கம் இன்றைய மதுரையில் 1850 ஆண்டு, 49 அரசர்கள்.

பி.காம். முதல் வருஷப் பையனிடம் கொடுத்தாலும் கால்குலேட்டரை எடுத்து முதலில் சராசரி பார்ப்பான். கபாடபுரத்தில் ஓர் அரசனுக்குச் சராசரி 62.7 ஆண்டு ஆட்சி! விக்டோரியா மகாராணி ஆண்டது 63 ஆண்டு சொச்சம். உலகமே வாயைப் பிளந்தது. கபாடபுரத்திலோ 59 பேரும் வரிசையாக விக்டோரியாக்கள். போரில் செத்தவன் இல்லை, இளம் வயதில் அம்மை கண்டு போனவன் இல்லை, தம்பியிடம் நாட்டைப் பறிகொடுத்தவன் இல்லை. இன்னொன்று. 4440, 3700, 1850 மூன்றுமே 37 ஆல் மீதியில்லாமல் வகுபடும்: 120, 100, 50. இப்படி ஒரு லெட்ஜர் வந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். உரைகாரர் ஏமாற்றுக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. தன் நூலின் பெருமையைச் சொல்ல அந்தக் காலத்து வழக்கப்படி பெரிய எண்களை அடுக்கினார், அவ்வளவுதான். அதைச் சென்சஸ் ரிப்போர்ட்டாகப் படித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அடுத்து அடியார்க்கு நல்லார். சிலப்பதிகார உரையில் கடல் கொண்ட நிலம் 700 காவதம் என்கிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள். ஒரு காவதம் பத்து மைல் என்று சிலர் வைக்கிற கணக்கை எடுத்தால் 7000 மைல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே 7000 மைல் போனால் தென்துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருக்கும். பெங்குவினும் தமிழ் பேசியிருக்க வேண்டும் :-)

"வெள்ளைக்காரனே லெமூரியா என்று சொல்லியிருக்கிறானே!" இது மூன்றாவது ஆதாரம். சொன்னான்தான். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்கிற ஆங்கிலேய விலங்கியலாளர் சொன்னார். மனிதர்களைப் பற்றி அல்ல. மடகாஸ்கரில் லெமூர் என்றொரு விலங்கு. அதன் சொந்தக்காரரான தேவாங்கு இந்தியாவில். இடையில் இவ்வளவு கடல் இருக்க, இதுகள் எப்படிப் பரவின? கண்டங்கள் நகரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று ஒரு பாலம் போட்டுப் பார்த்தார். ஜெர்மனியின் ஹெக்கல் அதில் மனித இனத்தின் தொட்டிலைக் கொண்டுபோய்க் கட்டினார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் தன் 'ரகசியக் கோட்பாடு' நூலில் அங்கே விசித்திர மனித இனத்தையே குடியேற்றினார். 1912இல் வெகனர் கண்டங்களே நகர்கின்றன என்றார். 1960களில் கடல் தரையை அளந்து அது நிரூபணமானது. ஸ்கிளேட்டரின் பாலத்துக்கு அதோடு வேலை போய்விட்டது. விஞ்ஞானிகள் அதைக் குப்பையில் போட்டார்கள். இங்கே அதை எடுத்து, துடைத்து, குமரிக்கண்டம் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். அந்தப் பெயரும் கந்தபுராணத்திலிருந்து வந்தது. அங்கே அது பாரதத்தின் ஒன்பது கண்டங்களில் ஒன்று, மூழ்கிய நிலம் அல்ல. 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசு செலவிலேயே ஓர் ஆவணப்படம் எடுத்துக் காட்டினார்கள்.

2013இல் மொரீஷியஸ் மணலில் மிகப் பழைய சிர்க்கான் துகள்கள் கிடைத்தன, அடியில் ஒரு சிறு கண்டத்துண்டு புதைந்திருக்கிறது என்று செய்தி வந்ததும் "நிரூபணமாகிவிட்டது" என்று ஒரு கும்மி. அந்தத் துண்டு மூழ்கியது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனத்துக்கு வயது சுமார் மூன்று லட்சம் ஆண்டு. அங்கே சங்கம் வைத்துத் தமிழ் வளர்க்க ஆள் வேண்டாமா?

அப்படியானால் கடல்கோள் என்று இலக்கியத்தில் இருப்பதெல்லாம் பொய்யா? இல்லை. புறநானூறு பஃறுளியைச் சொல்கிறது, சிலம்பு சொல்கிறது, கலித்தொகை சொல்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரி முனைக்குத் தெற்கிலும் ஒரு கீற்று நிலம் இருந்தது. கண்டம் அல்ல, கீற்று. அதற்கப்பால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். கரை அரிப்பையும் புயலையும் பார்த்த கடலோர மக்கள் அதைப் பாட்டில் வைத்தார்கள் என்றால் அது மதிக்க வேண்டிய ஞாபகம். அதற்கு 49 நாடு தேவையில்லை.

கடல் கொண்ட ஊர்தான் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கிறது, தனுஷ்கோடி. 1914 முதல் போட் மெயில் வந்து நின்ற ஊர். ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்கச் சாவடி எல்லாம் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அடித்து, வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு சேர்த்துக் கொண்டுபோனது. அந்த ஊரின் வரலாற்றை இங்கே எத்தனை பேர் படித்திருப்பார்கள்? இடிந்த சர்ச் முன்னால் செல்ஃபி எடுத்தவர்கள் நிறைய.

கொற்கை இன்னும் பரிதாபம். பாண்டியனின் முத்துத் துறைமுகம், தாலமி எழுதி வைத்த ஊர். அதைக் கடல் கொள்ளவில்லை. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து போட்டுப் போட்டு, கடல் ஐந்தாறு கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துறைமுகம் கடலை இழந்து கிராமமானது. 1968-69இல் அங்கே தோண்டியபோது கிடைத்த கரிமக் கணக்கு கி.மு. 785. ஓர் ஊர் வணிகத்தால் எப்படி எழுந்து மண்ணால் எப்படிச் செத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? ஆனால் இதில் கண்டம் மூழ்கவில்லை, சுனாமி இல்லை. ஷேர் ஆகாது.

ஆதிச்சநல்லூருக்கு வாருங்கள். 1876இல் யாகோர் என்கிற ஜெர்மானியர் தோண்டி பெர்லினுக்கு எடுத்துப்போனார். 1899இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் இடுகாடு, பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்பு, வெண்கலம். நூறு வருஷம் கழித்து 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. அதன் மாதிரிகளின் வயது, கி.மு. 905 என்றும் 696 என்றும், வெளியே வந்தது 2019இல், அதுவும் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்ட பிறகு. பதினாலு வருஷம்! அந்தப் பதினாலு வருஷமும் அந்த மேப் தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆதிச்சநல்லூர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு ஒரு ஃபார்வேர்டு வந்ததா?

விபரீதம் இங்கேதான். கீழடி அறிக்கை 2023 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதம் திருத்திக் கொடு என்று தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. போதிய அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று மத்திய அமைச்சரே சொன்னார். அந்தச் சண்டையில் தமிழ்நாட்டின் கையில் இருப்பது மண்ணடுக்கும் கரிமக் கணக்கும்தான். சிவகளையில் நெல் உமிக்கு கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள், இரும்புக்கு கி.மு. 3345 வரை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அவை எல்லாம் வவுச்சர் உள்ள என்ட்ரிகள். அவற்றின் பக்கத்திலேயே வவுச்சர் இல்லாத 9990 வருஷத்தை அதே பேனாவால் எழுதி வைத்தால், எதிரே இருப்பவன் எந்த வரியைக் காட்டிச் சிரிப்பான்? சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு பொய் என்ட்ரி போதும், மொத்தப் புத்தகத்தையும் மூடிவிடுவான். இதைச் சுட்டிக்காட்டினால் கிடைக்கிற பட்டம் 'தமிழ்த் துரோகி'. ராமர் பாலத்தைக் குரங்குகள் கட்டின என்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே வாய், கபாடபுரத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்காதே என்கிறது.

மேலநீலிதநல்லூரிலிருந்து கபாடபுரத்துக்கு பஸ் கிடையாது. திருநெல்வேலி போய் திருச்செந்தூர் பஸ் ஏறினால் ஆதிச்சநல்லூரில் இறங்கலாம். 2023இல் அங்கே தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி நின்று குனிந்து பார்த்தால், காலுக்கு நேர் கீழே தாழிகள் தெரியும்.